செவ்வாய்க்காரனுக்குப் பரிவட்டம்

ரஷ்யாக்காரன் ஒரு நாயை ஆகாயத்துக்கு அனுப்பிய மறுவருஷம் திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கொட்டகையில் வரிசையாக மண்டைகள் உடைந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாய் திரும்பி வரவில்லை. மண்டைகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. வித்தியாசம் அவ்வளவுதான்.

கொட்டகை பொன்னுத்துரையுடையது. ரயிலடிக்குச் சற்று மேற்கே, ஓடு வேய்ந்து, நீளமாக, மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கும். நான் கதவோரம் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர மற்ற ஆண்கள் எல்லாரும் செங்குளத்துப்பட்டிக்காரர்கள். விடியக் கிளம்பி நடந்தே வருவார்கள். வரும்போதே வண்டிப்பாதையின் ஒரு ஓரம் வடக்குத் தெரு, மறு ஓரம் தெற்குத் தெரு. நடுவில் நாய்கூட நடக்காது. கொட்டகையிலும் அப்படியே இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக, மடியில் பலகை, கையில் சுருட்டு முனை நறுக்குகிற கத்தி. எல்லாரும் ஒரே கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறந்தவர்கள். பகைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பகை ஒரு துண்டுத் துணிக்காக. அவர்கள் ஊர்க் காளியம்மன் திருவிழாவில் பூசாரி ஊர்ப் பெரியவர் தலையில் மரியாதையாகக் கட்டுகிற பரிவட்டம் முதலில் வடக்குத் தெருவுக்கா, தெற்குத் தெருவுக்கா? அரிவாளை வைத்து விசாரித்துப் பார்த்தார்கள். தீரவில்லை. போலீஸ் வந்து கோயிலைப் பூட்டியது. திண்டுக்கல் பூட்டு. காளியாலேயே திறக்க முடியவில்லை. வழக்கு கோர்ட்டில் கிடந்தது.

வடக்கு வரிசைக்குத் தலைக்கட்டு காத்தமுத்து. ஒல்லி. உடம்பில் பாதி வாய். தெற்குக்கு சோலைமுத்து. அவர் கோபத்தில் மூச்சு விட்டால் எதிர்வரிசையில் எரிகிற சுருட்டு அணைந்துபோகும் என்பார்கள். அது பொய். நான் இருந்த காலத்தில் இரண்டே தடவைதான் அணைந்தது.

இரண்டு வரிசைக்கும் நடுவில் மாயம்மாள் உட்கார்ந்திருப்பாள். நாகல்நகர்க்காரி, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. சுருட்டைக் கட்டாக அடுக்கி, மரக்கொட்டாப்புளியால் தட்டி இறுக்கி, பழைய தாளில் சுற்றி நூல் போடுவது அவள் வேலை. இரண்டு பக்கத்து வசவும் அவள் தலைக்கு மேலேதான் போய் வரும். குனிந்தே இருப்பாள்.

அந்தப் பழைய தாளுக்காகத்தான் கதையே. கொடைரோட்டில் ஒரு வெள்ளைக்கார ரயில் அதிகாரி சீமைக்குப் போகும்போது விட்டுப்போன தகரப்பெட்டியைப் பொன்னுத்துரை எடைக்கு வாங்கி வந்தார். உள்ளே முழுக்க இங்கிலீஷ் கதைப் புத்தகம். சந்திரனுக்குப் போகிற கதை, பூமியைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிற கதை, வேற்றுக் கிரகத்துக்காரன் வந்து நம்மைப் பிடித்துத் தின்கிற கதை. அந்த அதிகாரி ரயிலைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் இதைத்தான் படித்திருக்கிறார். அந்தக் காலத்தில் ரயில்கள் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பெட்டியை மோப்பம் பிடித்து வந்தவன் சடையாண்டி. தொப்பம்பட்டிப் பையன், காந்திகிராமத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மீசை வருமா வராதா என்று யோசிக்கிற முகம். வெற்றிலை வாங்கப் போன இடத்தில், கடைக்காரன் கொடுத்த சுருட்டைச் சுற்றியிருந்த தாளில், நெருப்புக் கக்கிக்கொண்டு ஒரு கப்பல் ஆகாயத்தில் போவதைப் படித்தானாம். தாள் முடிந்துவிட்டது, கப்பல் போய்ச் சேரவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டான்.

"ஏனுங்க, இந்தக் கப்பல் அப்புறம் என்னாச்சுங்க?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"அது தேனிக்குப் போயிருச்சு. நேத்து லோடு," என்றாள் மாயம்மாள்.

சனிக்கிழமைகளில் வந்து புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்வது, கூலிக்கு மத்தியானச் சோறும் வெஞ்சனமும் என்று பொன்னுத்துரை பேசி முடித்தார். சுற்றுகிறவர்களுக்கு யாராவது படித்துச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம்தான். கை வேலையாக இருக்கும்போது காது சும்மா இருந்தால் சண்டை வரும் என்பது முதலாளிகளின் சித்தாந்தம். அது தப்பான சித்தாந்தம் என்று பிறகு தெரிந்தது.

பையன் நன்றாகச் சொன்னான். வேற்றுக் கிரகத்துக்காரன் வந்து ஊரை எரிக்கிற இடம் வந்தால் கொட்டகையில் கைகள் பறக்கும். ரத்தம் ஓடுகிற அன்று சுருட்டு கூடுதலாக விழுகிறது என்பதைப் பொன்னுத்துரை கண்டுகொண்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற சாது மனிதர், சனிக்கிழமை மட்டும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"தம்பி, இன்னைக்கு எத்தனை பேரு சாவுறான்?"

"ஒரு பட்டணமே போகுதுங்க."

"வெரசாக் கொல்லுப்பா. சாயந்தரத்துக்குள்ள மதுரைக்குச் சரக்கு ஏத்தணும்."

ஒரே ஒரு சிக்கல். மாயம்மாள் தாளைப் பின்பக்கமிருந்து கிழிப்பாள். அவள் கைக்கு அதுதான் வசதி. ஆகவே எல்லாக் கதைகளுக்கும் முடிவு முதலிலேயே போய்விடும். சந்திரனுக்குப் போனவன் திரும்பினானா என்பது சின்னமனூரில் எவனோ ஒருவன் மடியில் சுருட்டோடு இருக்கும். பையன் என்ன செய்வான்? முடிவைத் தானே கட்டிச் சொன்னான். முதலில் பயந்து பயந்து, பிறகு கூச்சமில்லாமல். வெள்ளைக்காரன் முடிவைவிட இவன் முடிவில் சாவு அதிகம். வரிசைகள் இரண்டும் மெச்சின.

வாய்க்கு ருசி வந்துவிட்டால் விடுமா? முடிவு மட்டும் கட்டினால் போதாது, முழுக்கதையையே நம்மூரில் வைத்து எழுத வேண்டும், தமிழில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவன் என்று பேர் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டான். மெட்ராஸில் ஒரு பத்திரிகை போட்டி வைத்திருந்தது. ராத்திரி பகலாக எழுதினான். ஒரு சனிக்கிழமை, புத்தகத்தைத் தொடாமல், தன் தாளை எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். கேட்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்துப் பாவி கதையைச் செங்குளத்துப்பட்டியிலேயே வைத்திருந்தான்.

செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒரு கப்பல் செங்குளத்துக் கண்மாயில் இறங்குகிறது. தண்ணீர் கொதித்து அயிரை மீனெல்லாம் வெந்து மிதக்கிறது. கதவு திறந்து செவ்வாய்க்காரன் வருகிறான். தென்னை உயரம், எட்டுக் கை, வேர்வைக்குப் பதில் புகை. கொட்டகை மூச்சுவிடாமல் கேட்டது. ஊர் கூடுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் துணிந்து முன்னே போய், வந்தவனுக்குப் பரிவட்டம் கட்டி வரவேற்கிறார்.

காத்தமுத்து கத்தியைக் கீழே வைத்தார்.

"எந்தத் தெருப் பெரியவரு?"

"தெருங்களா? அத நான் எழுதலீங்க."

"சரி, கப்பல் எறங்குனது வடகரையா, தென்கரையா?"

"வடகரைங்க. அங்கதானுங்க மரமில்லாம வெட்டவெளியா இருக்குது."

"அப்ப வடக்குத் தெருப் பெரியவருதான்," என்று காத்தமுத்து சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தார். "செவ்வாயிலருந்து வந்தவனுக்குக்கூட வெவரம் தெரிஞ்சிருக்கு. கோர்ட்டுக்குத்தான் தெரியல."

சோலைமுத்து எழுந்தார். எழுந்தது எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் வெளிச்சம் குறைந்தது. அவர் மடிப்பலகை காத்தமுத்துவின் தலையில் உட்கார்ந்தபோது வந்த சத்தத்தை வைத்துப் பன்னிரண்டு மணி என்று நினைத்து ரயில்வே ஒர்க்ஷாப்பில் சோற்றுக்குப் போய்விட்டார்கள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் யாரையும் அடிக்கவில்லை. எந்தத் தெருக்காரனும் இல்லாததால் எல்லா அடியும் எனக்குப் பொதுவாக விழுந்தது. புகையிலைப் பசை எடுத்து ஒருவன் கண்ணில் அப்பினார்கள். பொம்மையன் என்ற தெற்குத் தெருக்காரனின் கடைவாய்ப்பல் பறந்துபோய் அரைகுறையாகச் சுற்றிய ஒரு சுருட்டுக்குள் விழுந்தது. யாரும் கவனிக்காமல் அந்தச் சுருட்டு கட்டுக்குள் போய்விட்டது. பின்னால் பழனியிலிருந்து ஒரு மிராசுதார், அந்த மாதிரி கெட்டியான சுருட்டு இன்னும் கிடைக்குமா என்று ஆள் விட்டுக் கேட்டார்.

அடங்கியதும் சோலைமுத்து மூக்கிலிருந்து வழிந்ததைத் துண்டில் துடைத்துக்கொண்டு பையனிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அப்பு, நீ நல்ல புள்ள. இது அச்சுல வந்துருச்சுன்னா அவங்க வக்கீலு கொண்டுபோயி கோர்ட்டுல காட்டுவான். அச்சுல வந்தா அது சாட்சி. கப்பலத் தென்கரையில எறக்கு. இல்லேன்னா எழுதுற கையை ஒடிச்சுருவேன்."

மண்டையில் புகையிலையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்த காத்தமுத்து அங்கிருந்தே சொன்னார்: "எறக்கிப்பாரு. நான் ஒடிக்கிறேன்."

"ஊர்ப் பேரையே எடுத்துப்போடறனுங்க," என்றான் பையன்.

அன்றுதான் முதல் தடவையாக இரண்டு தெருவும் ஒரே குரலில் பேசியது: "எடுத்தேன்னா சேந்து ஒடிப்போம்."

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இந்தப் பக்கம் வராதே, காந்திகிராமத்திலேயே உட்கார்ந்து ராட்டை சுற்று என்றேன். அவன் தகரப்பெட்டியைப் பார்த்தான். பாதிப் பெட்டி இன்னும் படிக்காமல் கிடந்தது. மாயம்மாள் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"கை போனா எழுத முடியாதுங்க. இதப் படிக்காமப் போனாலும் எழுத முடியாதுங்க," என்றான். வலது கையை இடது கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னான். அன்றிலிருந்து அப்படியேதான் நடந்தான். சைக்கிளும் ஒற்றைக் கையால்.

அடுத்த சனிக்கிழமை முகம் மலர்ந்து வந்தான். வழி கண்டுபிடித்துவிட்டானாம். கப்பல் இப்போது கண்மாய் நடுவில் இறங்குகிறது. செவ்வாய்க்காரனுக்கு இரண்டு தலை. வடக்குத் தெருப் பெரியவரும் தெற்குத் தெருப் பெரியவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள்.

எனக்கே கண் கலங்கியது. தமிழன் மூளை என்றால் இதுதான் என்று நினைத்தேன். காத்தமுத்து மண்டைக் கட்டைச் சொறிந்துகொண்டார்.

"தம்பி, நாங்க கட்டுறது வலதுபக்கத் தலைக்கா, எடதுபக்கத் தலைக்கா?"

பையன் தாளைப் புரட்டினான். "அவன் எந்தப் பக்கம் பாத்து நிக்கறான்கிறதப் பொறுத்துதுங்க."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிறான்?"

"கெழக்கங்க. சூரியனப் பாத்து."

"கெழக்கப் பாத்து நின்னா வலதுபக்கம் தெக்கு," என்றார் சோலைமுத்து, ரொம்ப மெதுவாக, மிட்டாய் வாயில் கரைவது மாதிரி. "வலது தலை எங்களுக்கு. எடது தலை, வெளிக்குப் போயிட்டுக் கழுவுற பக்கத்துத் தலை, அவுங்களுக்கு."

அன்று நடந்ததை நான் விரிக்கப் போவதில்லை. ஓட்டுக்கூரையில் ஒரு ஆள் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது என்றும், அதன் வழியாக ஒரு ஆள் போனார் என்றும் மட்டும் சொல்கிறேன். கீழிருந்து மேலாக. ஒருவன் காதில் பாதியைக் கடித்து எடுத்தார்கள். தேடினோம், கிடைக்கவில்லை. அந்த வாரச் சரக்கில் கெட்டியாக இருந்த சுருட்டுகளைப் பொன்னுத்துரை பிரித்துப் பார்த்தார், அதிலும் இல்லை. அவர் கவலை வேறு. "சண்டை போடுறதுன்னா வெளிய போயிப் போடுங்கய்யா, எலை நொறுங்குது," என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். சண்டை வெளியே போனது. அவரையும் கூட்டிக்கொண்டு போனது.

அந்த வாரம் சடையாண்டிக்குக் கைமேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கெடு வந்தது. வரும் சனிக்கிழமை கதை சரியாக இருக்க வேண்டும், அன்றோடு முடிய வேண்டும். தெற்கிலிருந்து வந்தவன் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து, எலும்பு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனான். வடக்கிலிருந்து வந்தவனும் அதே இடத்தைத் தடவினான். ஒடிக்கிற இடத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பையன் பெட்டியிலிருந்த கதைகளை எல்லாம் புரட்டினான். வேற்றுக் கிரகத்துக்காரன் வந்தால் வெள்ளைக்காரன் என்ன செய்கிறான்? பீரங்கி வைக்கிறான். பிறகு எல்லாரும் சாகிறார்கள். அட, இது இத்தனை நாள் தோன்றவில்லையே என்று உட்கார்ந்து எழுதினான். சாவைவிடப் பொதுவானது எது? மரியாதையை வாங்கத்தான் சண்டை போடுவான் மனுஷன், சாவை வாங்க எவன் வருவான்?

சனிக்கிழமை படித்தான். செவ்வாய்க்காரன் பரிவட்டத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துக் கசக்கிப் போடுகிறான். எட்டுக் கையிலும் எட்டுக் குழல். சிவப்புக் கதிர் பாய்கிறது. பட்ட இடமெல்லாம் சாம்பல். கோயில் பூட்டு உருகி ஓடுகிறது. மாடு நின்றபடியே எலும்பாகிறது. கேட்கக் கேட்கக் கொட்டகையில் சுருட்டு மழை. பொன்னுத்துரை கையில் கட்டோடு கதவருகே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பையன் குரல் உயர்ந்தது: முதல் கதிர் தெற்குத் தெருவின் மேல் பாய்ந்தது, சோலைமுத்து வம்சம் நின்ற இடத்தில் சாம்பலானது...

"நிறுத்து," என்றார் காத்தமுத்து. "அவன் ஏன் முதல்ல?"

"ஏனுங்க, சாவுதானுங்களே?"

"எந்தச் சாவு? கோயில் முன்னால, காளி பாக்க, ஊருக்காக விழுகுற மொதப் பலி! அது அவனுக்கா? நாளைக்கு ஊரு திரும்பக் கட்டுனா எவனுக்கு நடுகல்லு நடுவாங்க?"

"அப்படீங்களா. அப்ப உங்களையே மொதல்ல கொன்னுடறனுங்க," என்று பையன் பென்சிலை எடுத்தான்.

சோலைமுத்துவின் பலகை மடியிலிருந்து வழுக்கியது. "ஏலே! எங்க சாவைப் புடுங்கி அவனுக்குக் குடுக்க நீ யாருடா?"

"ரெண்டு பேரையும் ஒரே கதிர்ல..."

"கதிரு எந்தப் பக்கமிருந்து வருது?" என்றார்கள் இருவரும்.

பையன் தாளைக் கீழே வைத்துவிட்டான். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது.

சோலைமுத்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அதே நொடியில் காத்தமுத்து முழங்கையைப் பிடித்தார். கை இரண்டு பேருக்கும் நடுவில் கயிறு மாதிரி நீண்டது.

"விடுறா. ஒடிக்கிறேன்னு மொதல்ல சொன்னது நானு."

"நீ சொன்ன. உறுதி குடுத்தது நானு."

"மணிக்கட்டை ஒடிச்சாத்தான் ஒடிச்சது. முழங்கை என்ன கணக்கு?"

"மூத்த வழி நாங்க. மொத ஒடி எங்களுக்கு!"

மறுபடியும் கிளம்பிவிட்டது. இந்தத் தடவை கத்திகள். மடிப்பலகைகள் கேடயமாயின. ஒருவன் தொடையில் நறுக்குக் கத்தி நின்று ஆடியதை நான் பார்த்தேன், அவன் அதைப் பிடுங்கி, யாருடையது என்று பார்த்து, உரியவனிடம் திருப்பிக் கொடுத்தான், வயிற்றில். ரத்தத்தில் புகையிலை ஊறியது. கூரையில் போன வாரம் விழுந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் சடையாண்டி, ஒரு கையை இரண்டு தெருவுக்கும் கொடுத்துவிட்டு, தறியில் மாட்டிய நூல் மாதிரி இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தான். ஒடிக்க வேண்டிய கையை ஒடிக்க யாருக்கும் நேரமில்லை.

மாயம்மாள் அதுவரை குனிந்தே இருந்தாள். காலையிலிருந்து அடுக்கிய கட்டுகள் அவள் முன்னால் மிதிபட்டுப் பொடியாகிக் கிடந்தன. நிமிர்ந்தாள். கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சண்டைக்குள் நடந்து போனாள். ஒருவரும் அவளைத் தொடவில்லை, பழக்கமில்லை.

பையனின் கை வெளியே நீண்டு வந்த ஒரு தருணத்தில், அதைப் பிடித்துக் கீழே கிடந்த ஒரு மடிப்பலகைமேல் வைத்து, சுருட்டுக் கட்டைத் தட்டுகிற மாதிரி ஒரே தட்டு.

காய்ந்த முருங்கைக் கொப்பு முறிந்த சத்தம். இரண்டு வரிசையும் நின்றுவிட்டது.

"கை ஒடியணும், அம்புட்டுத்தானே?" என்றாள். "ஒடிஞ்சிருச்சு. போயி ஒக்காருங்க. நாலு மணி வண்டிக்குச் சரக்கு போகணும்."

உட்கார்ந்தார்கள். வேறென்ன செய்வது? சண்டையின் விஷயமே தீர்ந்துபோயிற்று. சோலைமுத்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சாப்பாடு பிடுங்கப்பட்டவர் மாதிரி. பையன் மயக்கம் போட்டு, தெளிந்து, மறுபடியும் போட்டான். நானும் பொன்னுத்துரையும் அவனை மாட்டுவண்டியில் ஏற்றி எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வலியில் அவன் கத்திய கத்தலில் சிறுமலைக் குரங்குகள் அடிவாரத்துக்கு இறங்கி வந்து எட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் சொல்லமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரமாட்டான் என்று நினைத்தோம். வந்தான். தொட்டில் கட்டிய கையோடு. முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனால் பயம் போய்விட்டிருந்தது. ஒடிய வேண்டியது ஒடிந்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு தெம்பு வரும் போலிருக்கிறது. மாயம்மாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தாளை முன்பக்கமிருந்து கிழிக்க ஆரம்பித்தாள். அது அவள் செய்த பரிகாரம். அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த கதைகளுக்கு எல்லாம் முடிவு மட்டும்தான் இருந்தது.

இடது கையால் எழுதிய தாளை விரித்தான். எழுத்துகள் எல்லாம் காற்றில் சாய்ந்த சோளம் மாதிரி இருந்தன.

"செத்த நேரம் குறுக்க பேசாமக் கேளுங்க," என்றான்.

செவ்வாய்க்காரன் குழலை உயர்த்துகிறான். வடக்கும் தெற்கும் முன்னே பாய்கின்றன, முதல் கதிர் எனக்கு, எனக்கு என்று. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வெளியூர்ப் பையன் வருகிறான். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறவன். ஒரு கையில் கட்டு. முதல் கதிர் அவன்மேல் பாய்கிறது. அவன் சாம்பலாகிறான்.

படித்துவிட்டு நிறுத்தினான். கத்திகள் பலகைமேல் கிடந்தன. காத்தமுத்து மண்டைக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரிதான்," என்றார். "இங்க மொத ஒடி வாங்குனது அவன்தானே. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"தொப்பம்பட்டிக்காரன். நமக்குள்ள வராது," என்றார் சோலைமுத்து. "குடுக்கலாம்."

கொட்டகையே பெருமூச்சு விட்டது. பொன்னுத்துரை சிலுவை போட்டுக்கொண்டார். என் வாழ்நாளில் ஒரு கதை முடிந்ததற்கு இவ்வளவு பேர் நன்றியோடு இருந்ததை நான் பார்த்ததில்லை. பையன் கண்ணில் தண்ணீர். தாளை மடித்தான், நாளைக்கே தபாலில் போட்டுவிடுவேன் என்றான். எல்லாரும் கத்தியை எடுத்து வேலையைத் தொடங்கினார்கள்.

சோலைமுத்து ஒரு சுருட்டைச் சுற்றி முடித்து, முனையை நறுக்கி, வாயில் வைத்து, பற்றவைக்காமல் எடுத்தார்.

"அப்பு," என்றார். "ரெண்டாவது கதிரு யாரு மேல?"

எதிர்வரிசையில் கத்திச் சத்தம் நின்றது. சடையாண்டிக்கு இன்னும் ஒரு கை இருந்தது.